டெல்லியில் மூன்று நாள்: பதினான்கு இடங்களில் எவற்றை விடுவது?

பயணப்பை
பிப்ரவரி கடைசி வாரம் டெல்லி போகிறோம். சனி, ஞாயிறு, திங்கள் என்று முழுதாக மூன்று நாள் கையில் இருக்கிறது. நான், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 74 வயது. ஓய்வு பெற்றதிலிருந்து வரலாற்று நூல்களைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. எந்த அறிவிப்புப் பலகையையும் கடைசி வரி வரை படிக்காமல் நகர மாட்டார். அம்மாவுக்கு 70, இரண்டு முழங்காலிலும் வலி. படி என்று சொன்னாலே முகம் மாறிவிடும்.

அப்பா போட்டுக் கொடுத்த பட்டியல்: செங்கோட்டை, ஜும்மா மசூதி, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், குடியரசுத் தலைவர் மாளிகை, ஜந்தர் மந்தர், புராணா கிலா, லோதி தோட்டம், சஃப்தர்ஜங் கல்லறை, துக்ளகாபாத், அக்ரசேன் படிக்கிணறு, ராஜ்காட், காந்தி ஸ்மிருதி.

எவற்றை விடலாம் என்று மட்டும் சொல்லுங்கள். எதையும் சேர்க்கச் சொல்லிவிடாதீர்கள். அப்பாவும் இந்தத் தளத்தைப் படிக்கிறார்.

மெதுநடை
மூன்று நாளில் பதினான்கு என்றால் அது சுற்றுலா இல்லை, தேர்தல் பிரசாரம். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம், ஒரு சின்ன இடம். அதற்கு மேல் பார்ப்பது எதுவும் நினைவில் நிற்காது. புகைப்படத்தில்தான் நிற்கும்.

திங்கட்கிழமையைக் கவனியுங்கள். செங்கோட்டை அன்று கிடையாது, காந்தி ஸ்மிருதியும் கிடையாது. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். ஜும்மா மசூதியில் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. எந்த வாசல் வழியாகப் போனாலும் முப்பது படிக்கு மேல் ஏற வேண்டும். அம்மாவுக்கு அது ஆகாது. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு உள்ளே போக வேண்டுமானால் இணையத்தில் முன்பதிவு அவசியம். நேரே வாசலில் போய் நின்று பயனில்லை.

துக்ளகாபாத்தைத் தயங்காமல் வெட்டுங்கள். அருமையான இடம்தான், ஆனால் கரடுமுரடான கல்லும் முள்ளுமாக இருக்கும். அக்ரசேன் கிணற்றில் நூறு படிக்கு மேல் இறங்க வேண்டும். மேலே நின்று எட்டிப் பார்த்தாலே போதும் என்பவர்களுக்கு மட்டும்.

தூண்எழுத்து
பட்டியலைக் குறைப்பதற்கு முன் வரிசையைச் சரி செய்யுங்கள். உங்கள் அப்பாவுக்காகத்தான் சொல்கிறேன்.

டெல்லி மெல்ல மெல்லத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்த ஊர். மெஹ்ரோலியில் தொடங்கி சிரி, கொஞ்சம் கிழக்கே விலகித் துக்ளகாபாத், பிறகு ஃபிரோஸாபாத், சற்றே தெற்கே புராணா கிலா, கடைசியாக வடக்கே ஷாஜஹானாபாத். ஒவ்வொருவனும் முந்தையவன் கட்டிய வீட்டில் குடியிருக்க மனமில்லாமல் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டான். ஆங்கிலேயன் மறுபடி தெற்கே திரும்பி வந்து ரைசினா குன்றில் உட்கார்ந்தான். அதனால் முதல் நாள் காலை குதுப், கடைசி நாள் மாலை இந்தியா கேட். இந்த வரிசையில் போனால் 1199 முதல் 1931 வரை கால் தானாகவே நடந்துவிடும்.

குதுப் வளாகத்தில் எல்லோரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இரும்புத் தூண் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் அலாய் தர்வாஸாவை விட்டுவிடாதீர்கள். அலாவுதீன் கில்ஜி கட்டிய தெற்கு வாசல் அது. அதன் கல்வெட்டில் இருக்கும் ஆண்டு ஹிஜ்ரி 710, அதாவது 1310 மே கடைசியிலிருந்து 1311 மே வரை. தமிழ் வாசகன் அந்தத் தேதியைச் சாதாரணமாகக் கடந்து போக முடியாது. இங்கே கொத்தர்கள் சிவப்புக் கல்லில் தாமரை மொட்டு செதுக்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் காஃபூரின் படை தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. 1311 ஏப்ரலில் மதுரை. அக்டோபரில் திரும்பி வந்து, சிரியில் சுல்தான் முன்னால் கொள்ளையை வைத்தார்கள். 512 யானை, 5000 குதிரை என்று அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ கணக்கு எழுதினார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர் பரணி எழுதும்போது யானை 612 ஆகிவிட்டது, குதிரை 20,000. அரசவைக் கணக்குகள் அன்றும் வளர்ந்துகொண்டுதான் இருந்தன.

மதுரைப் பொன்தான் இந்த வாசலாக நிற்கிறது என்று சில வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். தேதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கொள்ளை வந்து சேர்வதற்கு முன்பே வாசலின் ஆண்டு முடிந்துவிடுகிறது. வடக்குப் பக்கம் மொட்டையாக நிற்கும் அலாய் மினாருக்கு வேண்டுமானால் அந்தப் பணம் போயிருக்கலாம். குதுப்பைப் போல இரண்டு மடங்கு உயரம் என்று தொடங்கி 24 மீட்டர் சொச்சத்தில் நின்றுபோனது. 1316இல் சுல்தான் இறந்தார், வேலையும் அதோடு நின்றது.

பாதிக்கிணறு
தூண்எழுத்து ஐயா, உங்கள் பதிவு பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும், எழுபது வயது முழங்காலுக்குப் பொருந்தாது. காலவரிசை என்பது ஆசிரியரின் வசதி, பயணியின் வசதி அல்ல. தங்கும் இடத்துக்கு அருகில் எது இருக்கிறதோ அதைக் காலையில் பார்க்க வேண்டும். களைத்த பிறகு தோட்டத்தில் உட்கார வேண்டும். குழந்தைக்குக் கில்ஜியும் ஒன்றுதான் ஷாஜஹானும் ஒன்றுதான்.

என் கட்சி: செங்கோட்டையிலிருந்து தொடங்குங்கள். மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் லால் கிலா நிலையம், ஏறினால் எதிரே கோட்டை. 1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு கொடியேற்றிய இடத்தைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.

தூண்எழுத்து
ஆகஸ்ட் 15 அல்ல, 16. பதினைந்தாம் தேதி பொதுமக்கள் முன் கொடியேற்றியது இந்தியா கேட் பக்கத்தில். செங்கோட்டையில் ஏற்றியது மறுநாள். அருகாமை வரிசையில் போனால் இப்படித்தான் ஒரு நாள் தவறிப்போகும்.

பாதிக்கிணறு
தவறை ஒப்புக்கொள்கிறேன். முழங்காலை ஒப்புக்கொள்ளவில்லை.

நிழற்கடிகாரம்
ஏழாம் வகுப்புப் பெண் வருகிறாள் என்றால் ஜந்தர் மந்தரை வெட்டாதீர்கள். அதை எல்லோரும் விளையாட்டுப் பூங்கா மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டாம் ஜெய் சிங் 1724இல் கட்டிய வானாய்வுக் கூடம் அது. நடுவில் முக்கோணமாக நிற்பது சாம்ராட் யந்திரம், ஒரு மாபெரும் நிழற்கடிகாரம். அதன் சாய்ந்த விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக, வடதுருவத்தை நோக்கியிருக்கிறது.

மகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். நம் கைக்கடிகாரம் ஓடுவது 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரத்தில். டெல்லி இருப்பது ஏறத்தாழ 77.2 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். அப்படியானால் டெல்லியின் சூரியன் கடிகாரத்துக்கு எத்தனை நிமிடம் பின்தங்கும்? கிட்டத்தட்ட 21. அதற்கு மேல் மாதத்துக்கு மாதம் மாறும் ஒரு திருத்தமும் உண்டு. பிப்ரவரியில் அது இன்னும் ஒரு கால் மணி நேரம் பின்னுக்கு இழுக்கும். ஆகவே நிழலில் உச்சிவேளை ஆகும்போது உங்கள் கடிகாரத்தில் மணி 12.30ஐத் தாண்டியிருக்கும். வெயில் இருக்கும் நேரமாகப் போங்கள். சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழும்பி, சில வேளை கருவிகளின் மேல் நிழல் விழுகிறது. சூரியனைப் பார்க்கக் கட்டியதன் மேல் கட்டடத்தின் நிழல். நகரத்துக்கு வெட்கமே இல்லை.

மெதுநடை
பயணப்பை, இடையில் ஒரு எச்சரிக்கை. வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வழிகாட்டிகளிடம் அடையாள அட்டை கேளுங்கள். ஒருவர் என்னிடம், தெளிவான நாளில் குதுப் மினார் உச்சியிலிருந்து தாஜ்மஹால் தெரியும் என்றார். ஏறலாமா என்று கேட்டேன். இன்று மட்டும் மூடியிருக்கிறார்கள் என்றார். 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதிலிருந்து யாரையும் மேலே விடுவதில்லை. அதை அவர் "இன்று மட்டும்" ஆக்கிவிட்டார்.

கோட்டைவாசல்
செங்கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று திரும்பி வந்து சொல்லாதவர் குறைவு. லாகூர் வாசல், கடைத்தெரு, பொது மண்டபம், அதற்குப் பின்னால் ஆற்றைப் பார்த்த சில பளிங்கு மாடங்கள். நடுவெல்லாம் புல்வெளி. மயிலாசனம் எங்கே என்று குழந்தைகள் கேட்பார்கள். அது 1739இலேயே நாதிர் ஷாவோடு போய்விட்டது.

ஆனால் அந்தப் புல்வெளியைக் காலி இடம் என்று நினைத்தால் கோட்டையைத் தவறவிட்டீர்கள். ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் குடிபுகுந்த அரண்மனை அந்த இடமெல்லாம் நிறைந்திருந்தது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் அதில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டுப் படைவீரர்களுக்கான நீண்ட கட்டடங்களைக் கட்டினார்கள். அழகான பளிங்குக்குப் பக்கத்தில் கிடங்கு மாதிரி நிற்பவை அவைதான்.

அங்கே நடந்த இரண்டு வழக்குகளை நினைத்துக்கொண்டு நடங்கள். 1858 ஜனவரியில் கடைசி முகலாய மன்னர், கிழவர் பகதூர் ஷா ஜாபரை, அவருடைய சொந்தத் தனி மண்டபத்திலேயே கைதியாக உட்கார வைத்து விசாரித்தார்கள். 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் அதே கோட்டைக்குள் விசாரித்தார்கள். முதல் வழக்கில் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. இரண்டாவதில் நாடே கேட்டது. மலாயா தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜான்சி ராணிப் படைப்பிரிவின் தலைவி கேப்டன் லட்சுமி சென்னைக்காரர். பிறகு அந்தப் பிரேம் சேகலைத்தான் மணந்தார்.

உலர்மண்
சேர்க்கச் சொல்ல வேண்டாம் என்றீர்கள், இருந்தும் ஃபிரோஸ் ஷா கோட்லா! அசோகரின் தூண் இருக்கிறது. சோழர், பாண்டியர் பெயர்கள் அதில் உண்டு.

தூண்எழுத்து
அதில் இல்லை, உலர்மண். சோழர், பாண்டியர் வருவது பாறைக் கல்வெட்டுகளில், இரண்டாவதிலும் பதின்மூன்றாவதிலும். சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் இரண்டாவதில் மட்டும். கோட்லாவில் நிற்பது தூண் சாசனம். ஏழாவது தூண் சாசனம் முழு இந்தியாவில் இந்த ஒரு தூணில்தான் இருக்கிறது. அந்தப் பெருமையே அதற்குப் போதும்.

ஹரியானாவின் தோப்ராவிலிருந்து சுல்தான் ஃபிரோஸ் ஷா அதைக் கொண்டுவந்த கதையை வரலாற்றாசிரியர் அஃபீஃப் எழுதியிருக்கிறார். பஞ்சு சுற்றிப் படுக்க வைத்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளில் மிதக்க விட்டு. நட்ட பிறகு பண்டிதர்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். ஒருவராலும் முடியவில்லை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படிக்கும் வரை அது ஊமைத் தூண்தான்.

பயணப்பை
எல்லோருக்கும் நன்றி. அப்பா தூண்எழுத்து ஐயாவின் கட்சி. அம்மா பாதிக்கிணற்றின் கட்சி. நேற்று இரவு இது வீட்டுக்குள்ளும் விவாத இழையாகிவிட்டது. முடிவைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

பயணப்பை
(பதினெட்டு நாள் கழித்து)

வந்துவிட்டோம். எங்கள் வழக்கைத் தீர்த்து வைத்தது திங்கட்கிழமை விடுமுறை.

அப்பாவின் கணக்குப்படி குதுப்பில் தொடங்கினால் செங்கோட்டை திங்களன்று வருகிறது, அது மூடியிருக்கும். அம்மாவின் கணக்குப்படி செங்கோட்டையில் தொடங்கலாம் என்றால் எங்கள் அறை இருந்தது புது டெல்லிப் பக்கம். இருவரும் விட்டுக்கொடுக்காததால் மகள் ஒரு தாளில் எழுதினாள்: சனி இந்தியா கேட், ஜந்தர் மந்தர், காந்தி ஸ்மிருதி. ஞாயிறு செங்கோட்டை. திங்கள் ஹுமாயூன், குதுப். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது காலவரிசைதான், தலைகீழாக" என்றார். காந்தி ஸ்மிருதியை மட்டும் கணக்கில் சேர்க்காவிட்டால் 1931, 1724, 1648, 1560கள், 1199. கிணறு தோண்டுவது போலக் கீழே போய்க்கொண்டே இருந்தோம்.

முதல் நாளே ஒரு வேடிக்கை. இந்தியா கேட்டிலிருந்து கர்தவ்ய பாதையில் குடியரசுத் தலைவர் மாளிகையை நோக்கிப் போனோம். தூரத்திலிருந்து அழகாகத் தெரிந்தது. கிட்டே போகப் போகக் கட்டடம் தரைக்குள் இறங்க ஆரம்பித்தது. குன்றின் அடியில் இருக்கும் விஜய் சௌக்கில் நின்றபோது குவிமாடத்தின் தலை மட்டும்தான் தெரிந்தது. "யாரோ அதைக் கீழே இழுக்கிறார்கள்" என்றாள் மகள். அப்பாவுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் கட்டிய மாளிகை பின்னால், அவருடைய சக கலைஞர் பேக்கர் கட்டிய செயலகங்கள் முன்னால், நடுவே ஏறிப் போகும் சாலையின் சரிவு. அந்தச் சரிவுக்கு 1913இல் லட்யன்ஸே ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்தார். அது தன் மாளிகையை மறைக்கும் என்று பின்னால்தான் அவருக்கு உறைத்தது. ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் தோல்வியைப் பற்றி லட்யன்ஸ் சொன்ன வார்த்தையை மகள் பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்: பேக்கர்லூ. நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றது போல, தான் பேக்கரிடம் தோற்றதாம்.

ஜந்தர் மந்தரில் மேகம். நிழற்கடிகாரம் அவர்களே, அரை மணி நேரம் காத்திருந்தோம். 12.25க்கு ஐந்து நிமிடம் வெயில் அடித்தது. கணக்கு பிசகவில்லை: நிழல் இன்னும் உச்சிவேளையைத் தொடவில்லை. மகளைவிட மனைவிதான் அதிகம் துள்ளினாள்.

செங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். உள்ளே போகவே ஒரு மணி நேரம் ஆனது. அது எங்கள் தவறு, சனிக்கிழமை போயிருக்க வேண்டும். ஜும்மா மசூதியைப் படிக்குக் கீழே நின்று பார்த்ததோடு சரி.

ஹுமாயூன் கல்லறையில் மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தாக இருந்தன. அம்மா ஏறவில்லை. வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அப்பா ஏறி, மேலே எத்தனை கல்லறைகள் என்று எண்ணத் தொடங்கினார். அந்த வளாகத்தில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன, பலவற்றில் பெயரே இல்லை. பாதியில் விட்டுவிட்டு வந்து, 1857 செப்டம்பரில் ஜாபர் ஒளிந்திருந்து ஆங்கிலேய அதிகாரி ஹாட்சனிடம் சரணடைந்தது இங்கேதான் என்று அம்மாவுக்கு விளக்கினார். முந்தைய நாள் கோட்டையில் அவருடைய விசாரணை மண்டபத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அவர் பிடிபட்ட இடத்துக்கு வந்திருந்தோம். தலைகீழ் வரிசையின் பலன் அது. முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தைப் பார்ப்பது.

குதுப்பில் இரும்புத் தூணைச் சுற்றி 1997இல் போட்ட வேலி இருப்பதால் யாரும் கட்டிப்பிடிக்க முடியாது. துருவே பிடிக்காத மந்திரத் தூண் என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். துரு பிடித்துத்தான் இருக்கிறது. அந்தத் துருவின் மெல்லிய படலமே உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. அந்தக் காலத்து உருக்கு முறையில் இரும்பில் நிறையப் பாஸ்பரஸ் தங்கிவிட்டதுதான் காரணம் என்று கான்பூர் ஐஐடியின் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெயர் கேட்டதும் அப்பா அந்த மனிதரிடம் போய் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாங்கள் போய் இழுத்து வந்தோம்.

அலாய் தர்வாஸா முன்னால் மட்டும் அவர் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "நல்ல வேலைப்பாடு" என்றார்.

தூண்எழுத்து
"நல்ல வேலைப்பாடு" போதும் ஐயா. தலைகீழ் வரிசையை நான் யோசித்ததே இல்லை. அடுத்த முறை முயன்று பார்க்கிறேன்.

பாதிக்கிணறு
அதாவது நானும் தோற்கவில்லை. சரி, உங்கள் அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. அவருக்கு எது பிடித்தது?

பயணப்பை
குதுப் வளாகத்தின் புல்வெளியில் தனியாக ஒரு சின்ன மண்டபம் நிற்கிறது. 1803 நிலநடுக்கத்தில் கோபுரத்தின் உச்சி விழுந்துவிட, 1828இல் ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் இதைக் கட்டி மேலே வைத்தார். கோபுரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று இருபது ஆண்டு கழித்து தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் பிரபு இறக்கிக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். அப்பா பலகையைப் படித்து முடிக்கும் வரை அம்மா அதன் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வந்ததிலிருந்து, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களிடமெல்லாம், குதுப் மினாரின் உச்சி வரை போய்விட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.